உங்களுக்குத் தெரியுமா? தீயை நம்பிப் பிழைத்த குருவி

எடை 14 கிராம். முதுகு நீலம் கலந்த சாம்பல், வயிறு எலுமிச்சை மஞ்சள், விலாவில் கறுப்புக் கீற்றுகள். உட்கார்ந்த இடத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதிக் காடுகளில் கோடையைக் கழித்துவிட்டு, குளிர் வந்ததும் பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்விடும் கிர்ட்லண்ட் கதிர்க்குருவியைப் பற்றியவைதான் இந்தத் துணுக்குகள். ஒரு கட்டத்தில் பாடும் ஆண் குருவிகள் 167 மட்டுமே மிச்சம். அங்கிருந்து அது மீண்ட கதையில் கோடாரி வருகிறது, நெருப்பு வருகிறது, ஆடு வருகிறது, கொலைக்குற்றவாளிகூட ஒருவர் வருகிறார்.

● இந்தக் குருவிக்கு வீடு பார்த்துக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மரம் ஜாக் பைன் என்ற ஊசியிலை மரமாக இருக்க வேண்டும். வயது ஐந்துக்குக் குறையக் கூடாது, இருபதைத் தாண்டக் கூடாது. மரங்கள் நெருக்கமாக நிற்க வேண்டும், ஆனால் இடையிடையே திறந்த வெளியும் வேண்டும். இப்படிப்பட்ட காடு ஏக்கர் கணக்கில் பரந்திருக்க வேண்டும்; 80 ஏக்கருக்குக் குறைந்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண்ணோ, மழை பெய்த சுவடே தெரியாமல் நீரை உறிஞ்சிவிடும் மணலாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில், தாழ்ந்து படர்ந்த கிளைகளின் மறைவில், புல்லுக்கும் புளூபெரிச் செடிகளுக்கும் நடுவே கட்டுகிறது. நீர் தேங்கும் மண் என்றால் முட்டை மிதக்கும். மரம் வளர வளர, வெயில் படாத கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்துவிடும். மறைவு போயிற்று. குருவியும் காலி செய்துகொண்டு வேறு இளங்காடு தேடிப் போய்விடும்.

● ஜாக் பைன் காய்கள் பலவற்றை அந்த மரம் பிசின் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே மூடிக் கிடக்கும். காட்டுத்தீ வந்து அந்தச் சூட்டில் பிசின் இளகினால்தான் செதில்கள் விரிந்து விதை கொட்டும். தாய் மரம் கருகிவிடும். சாம்பல் படிந்த, போட்டிக்கு வேறு செடி இல்லாத தரையில் ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரே வயதில் முளைத்தெழும். ஐந்தாறு ஆண்டு கழித்துக் குருவி குடியேறும். அதாவது தீ இல்லையென்றால் இளங்காடு இல்லை, இளங்காடு இல்லையென்றால் குருவி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மிச்சிகனின் பெரிய வெள்ளைப் பைன் காடுகளை மரவியாபாரிகள் மொட்டையடித்தார்கள். மிச்சக் கழிவில் தீப்பிடித்து ஊர் ஊராக எரிந்தது. மனிதர்களுக்கு அது பேரழிவு. இந்தக் குருவிக்கோ அதன் வரலாற்றிலேயே நல்ல காலம் அதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறகு வனத்துறை தீயணைப்பில் கெட்டிக்காரத்தனம் காட்டத் தொடங்கியது. எந்தப் பொறியையும் விட்டுவைக்கவில்லை. கேடு அங்கே ஆரம்பித்தது.

● பெயருக்குரிய ஜாரட் கிர்ட்லண்ட் ஒரு மருத்துவர், இயற்கை ஆர்வலர். 1851 மே மாதம், ஒஹையோவில் கிளீவ்லண்டை அடுத்த அவருடைய பண்ணையில் அவர் மருமகன் சுட்டு வீழ்த்திய குருவிதான் அறிவியல் உலகுக்குப் போன முதல் மாதிரி. அந்தக் காலத்துப் பறவை நோக்கலுக்குத் துப்பாக்கிதான் கருவி.

ஆனால் உண்மையில் முதலில் பிடித்தவர் வேறொருவர். பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் கேபட் 1841இல் யுகடான் நோக்கிக் கப்பலில் போகும்போது, பஹாமாஸ் அருகே ஒன்றைப் பிடித்துப் பாடம் செய்து வைத்திருந்தார். மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போன பயணம் அது. கல் கோயில்களின் பரபரப்பில் குருவி மறந்து போயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்தது.

● குருவி கிடைத்து அரை நூற்றாண்டு ஆகியும் அது எங்கே கூடு கட்டுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1903 ஜூன் மாதம் மிச்சிகனின் ஓ சாபிள் ஆற்றில் மீன் பிடிக்கப் போன இருவர் பழக்கமில்லாத குரல் ஒன்றைக் கேட்டுக் குருவியைச் சுட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்துகொண்டிருந்த நார்மன் வுட் உடனே கிளம்பிவிட்டார். ரயிலில் போய், படகில் ஆற்றோடு இறங்கி, ஜூலையில் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நெடுங்காலம், தெரிந்த கூடுகள் எல்லாம் அந்தக் கூட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருந்தன. ஒரு கண்டத்தில் வாழும் பறவை, ஒரு மாவட்டத்து அளவு நிலத்துக்குள் முழு இனமும்!

● நேதன் லியோபோல்ட் என்ற பெயர் குற்றவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1924இல் சிகாகோவில் 14 வயதுச் சிறுவனைக் கொன்ற இரண்டு பணக்கார வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர். ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ படத்துக்கு மூலமான நாடகம் அந்தக் கொலையின் சாயலில் எழுதப்பட்டது. அதே லியோபோல்ட் அதே 1924 ஜனவரியில், ‘தி ஆக்’ என்ற புகழ்பெற்ற பறவையியல் இதழில் இந்தக் குருவியின் கோடைக்கால வாழ்க்கை பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். மிச்சிகன் காட்டில் கூட்டருகே உட்கார்ந்து தன் கையாலேயே குருவிக்கு ஈ ஊட்டியவர். இன்னொரு பறவை இதன் கூட்டில் திருட்டு முட்டையிடுவதைக் கவனித்துப் பதிவு செய்தவர்களில் ஒருவரும்கூட. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 1958இல் வெளியே வந்து போர்ட்டோ ரிக்கோவில் குடியேறிய பிறகும் பறவைகளை விடவில்லை. அத்தீவின் பறவைப் பட்டியலை நூலாகக் கொண்டுவந்தார். குருவியின் பாதுகாப்பு வரலாற்றை எழுதுகிறவர்களால் இவரைத் தவிர்க்கவும் முடிவதில்லை, வாய்நிறையப் பாராட்டவும் முடிவதில்லை.

● அந்தத் திருட்டு முட்டைக்காரியின் பெயர் கவ்பேர்ட். நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டைத் தேடுவதுபோல, இது சின்னக் குருவிகளின் கூட்டைத் தேடும். ஒரு காலத்தில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை மந்தைகளின் பின்னாலேயே போய், கால் பட்டுக் கிளம்பும் பூச்சிகளைத் தின்று வாழ்ந்தது. ஓரிடத்தில் நிற்காத மந்தையோடு அலையும் பறவை உட்கார்ந்து அடைகாப்பது எப்படி? ஊரார் வீட்டில் விட்டுப் போகும் பழக்கம் அப்படித்தான் வந்திருக்கும் என்பார்கள். கிழக்கே காடுகளை அழித்து வயலும் மாட்டுப் பண்ணையும் வந்தபோது கவ்பேர்டும் கூடவே வந்தது.

சமவெளிப் பறவைகளுக்கு இதன் வித்தை பழக்கம். சில இனங்கள் அந்நிய முட்டையை உருட்டித் தள்ளிவிடும். கிர்ட்லண்ட் குருவிக்கு அந்த அனுபவம் இல்லை. தன்னுடையது என்றே அடைகாத்தது. கவ்பேர்ட் குஞ்சு முன்கூட்டியே பொரித்து, வேகமாக வளர்ந்து, வருகிற தீனியை எல்லாம் தானே விழுங்கிவிடும். 1960களின் இறுதியில் பத்துக் கூடுகளில் ஏழில் இந்தக் கதைதான். கூட்டுக்கு ஒரு குஞ்சுகூடச் சராசரியாகத் தேறவில்லை.

1972இல் பொறி வைக்கத் தொடங்கினார்கள். பொறி என்றால் அறை அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு. உள்ளே தானியம், தண்ணீர், கூட்டாளிகளை ஈர்க்க நாலைந்து உயிருள்ள கவ்பேர்டுகள். மேலே உள்ள இடுக்கு வழியாக உள்ளே இறங்கலாம், வெளியேற முடியாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் பறவைகளைப் பிடித்துக் கொன்றார்கள். ஆம், கொன்றார்கள். ஒரு பறவையைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு இன்றைக்கும் எல்லோரும் ஒப்பும் பதில் இல்லை. கணக்கு மட்டும் தெளிவு: திருட்டு முட்டை விழும் கூடுகள் நூற்றுக்கு ஐந்துக்குள் இறங்கின, கூட்டுக்குச் சுமார் மூன்று குஞ்சுகள் பறந்தன.

● இதன் பாட்டு 400 மீட்டர் வரை கேட்கும். பாடுவது ஆண். அதனால்தான் கணக்கெடுப்பும் காதால் நடக்கிறது: ஜூன் முதல் பாதியில், விடிந்த சில மணி நேரத்துக்குள், காட்டை வரிசை வரிசையாக நடந்து, பாடும் ஆண்களை எண்ணுகிறார்கள். ஒரு ஆணுக்கு ஒரு ஜோடி என்று கணக்கு.

● 1951இல் முதல் முழுக் கணக்கெடுப்பு. ஒரு பாட்டுப்பறவை இனம் முழுவதையும் உலகில் எண்ணிப் பார்த்தது அதுவே முதல் முறை. முன்னின்றவர் ஹெரால்ட் மேஃபீல்ட். இவர் பேராசிரியர் இல்லை. ஒரு கண்ணாடிப் பாட்டில் கம்பெனியில் பணியாளர் நிர்வாகம் பார்த்தவர். பறவை அவருக்கு ஓய்வுநேரப் பித்து. அன்று எண்ணிக்கை 432. பத்து ஆண்டு கழித்து 502. இன்னும் பத்து ஆண்டு கழித்து, 1971இல், 201. எண்ணியவர்கள் தங்கள் காதையே சந்தேகித்திருப்பார்கள்.

● அதே மேஃபீல்ட் விட்டுச்சென்ற இன்னொன்று இன்று உலகமெங்கும் பறவை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்குமுறை. விஷயம் எளிது, ஆனால் அவருக்கு முன் யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. பத்துக் கூடுகள் கட்டப்பட்டன என்று வையுங்கள். யார் கண்ணிலும் படுமுன்பே ஐந்தைப் பாம்போ அணிலோ தின்றுவிட்டது. ஆய்வாளர் தாமதமாக வந்து மிச்சம் ஐந்தைக் கண்டுபிடிக்கிறார். நாலில் குஞ்சு பறக்கிறது. ‘எண்பது சதவீதம் வெற்றி’ என்று எழுதிவிடுவார். உண்மை நாற்பது. மேஃபீல்ட் 1961இல் சொன்னது: கூடுகளை எண்ணாதீர்கள், ஒவ்வொரு கூட்டையும் எத்தனை நாள் கண்காணித்தீர்கள் என்று எண்ணுங்கள், அந்த நாட்களில் எத்தனை கூடு அழிந்தது என்று பார்த்து ஒரு கூடு ஒரு நாள் தப்பும் வாய்ப்பைக் கண்டுபிடியுங்கள், பிறகு கூட்டில் கழியும் காலம் முழுவதற்கும் நாளுக்கு ஒரு முறை அதை அதனாலேயே பெருக்குங்கள். கம்பெனியில் ஆள்கணக்கு பார்த்தவருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

● 1974இல் 167. பொறி வைத்து, குஞ்சுகள் ஏராளமாகப் பறந்த பிறகும் 1987இல் மறுபடி அதே 167! பதினைந்து ஆண்டு உழைப்புக்கு எண்ணிக்கை ஏறவே இல்லை. காரணம், பிறந்த குஞ்சுகள் அடுத்த ஆண்டு திரும்பி வந்தால் குடியேற இளங்காடு இல்லை. கவ்பேர்டை நிறுத்தியது சாவைத் தடுத்தது. பெருக்கத்துக்கு வேண்டியது வேறு.

● அந்த வேறு ஒன்று வந்த விதம் கொடுமையானது. 1980 மே 5. மிச்சிகனின் மயோ ஊருக்கு அருகே, இந்தக் குருவிக்கு இளங்காடு உண்டாக்குவதற்காகவே வனத்துறையினர் ஒரு சிறு பகுதிக்குத் திட்டமிட்டுத் தீ வைத்தார்கள். காற்று திரும்பியது. தீ சாலையைத் தாண்டிப் பிடித்துக்கொண்டு சில மணி நேரத்தில் பல மைல் ஓடிற்று. மொத்தம் 24,000 ஏக்கர். தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 44 வீடுகளும் கட்டடங்களும் சாம்பலாயின. மேக் ஏரித் தீ என்று பெயர். குருவியின் பெயரைச் சொன்னாலே அந்தப் பக்கத்து மக்கள் முகம் சுளித்த காலம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு.

எரிந்த நிலத்தில் ஜாக் பைன் முளைத்தது. பத்து ஆண்டில் குருவிக்குப் பிடித்த உயரம் வந்தது. 1990 தொடங்கி எண்ணிக்கை ஏறிய ஏற்றத்துக்கு அந்த 24,000 ஏக்கர்தான் பெரிய காரணம். ஒரு சாவும் 44 இழப்புகளும் இந்த மீட்சியின் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. வெற்றிக் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாவிவிடுகிறார்கள்.

● அதற்குப் பிறகு தீயின் வேலையை ரம்பமும் நாற்றும் பார்த்துக்கொள்கின்றன. ஐம்பது வயது ஜாக் பைனை வெட்டி விற்கிறார்கள். அந்த இடத்தில் கன்று நடுகிறார்கள். மாநில, மத்திய நிலங்களாகச் சுமார் 1,90,000 ஏக்கர் இதற்கென்றே ஒதுக்கப்பட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 3,800 ஏக்கர் முறைவைத்துப் புதுப்பிக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டில் ஒரு சுற்று முடியும் கணக்கு. நேர்வரிசை நடவு இல்லை. எதிரெதிர் அலைகள் போல வளைத்து நட்டு, நடுவே வெற்றுத் திட்டுகள் விடுகிறார்கள். ஆகாயத்திலிருந்து பார்த்தால் கோலம் போட்டது போலிருக்கும்.

மரம் வெட்டினால்தான் காடு பிழைக்கும் என்று சொன்னால் நம் ஊரில் அடிக்க வருவார்கள். மிச்சிகனிலும் வந்தார்கள். எந்தக் காட்டில், எந்த மரத்தை, எந்த உயிருக்காக என்பதைப் பொறுத்தது அது. சோலைக்காட்டுக்குப் பொருந்துவது ஜாக் பைன் காட்டுக்குப் பொருந்தாது, அங்கே பொருந்துவது இங்கே பொருந்தாது.

● இந்தக் காடுகளின் நடுவே கிரேலிங் என்ற ஊர். ஆற்றில் வாழ்ந்த ஒரு மீனின் பெயர். மரவெட்டிகள் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு முட்டையிடும் படுகைகளைச் சிதைத்தார்கள். தூண்டில்காரர்கள் கூடை கூடையாக அள்ளினார்கள். 1930களில் மிச்சிகனில் அந்த மீன் இல்லாமலே போனது. அதே மரவெட்டு குருவியை வாழவைத்தது என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது.

● கிரேலிங்கில் ராணுவப் பயிற்சி முகாம் ஒன்றும் இருக்கிறது. பீரங்கிப் பயிற்சியில் அவ்வப்போது புதர்த்தீ பற்றும். அப்படி எரிந்த இடங்களில் பின்னால் வளர்ந்த இளம் பைன்களிலும் குருவி கூடு கட்டியிருக்கிறது. கனடாவில் ஆண்டுக்கணக்கில் காணாமல் போயிருந்த இதன் கூடு, 2007இல் ஆன்டாரியோவின் பெட்டவாவா ராணுவத் தளத்தில் மறுபடி கிடைத்தது. அதே ஆண்டில் விஸ்கான்சினிலும் கூடு கிடைத்தது.

● குளிர்காலத்தில் பஹாமாஸில் இது எங்கே போய் ஒளிகிறது என்பது நூறு ஆண்டுக்கு மேல் புதிர். 1879இலேயே அந்தத் தீவுகளில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் தேடியவர்கள் ஏமாந்தார்கள். ஊரும் ஓட்டலும் குறைந்த எலூதெரா, கேட் தீவு, லாங் தீவு போன்ற இடங்களின் புதர்க்காட்டில் அடக்கமாக இருந்ததுதான் காரணம். பாடுவதும் இல்லை.

அங்கே இதன் உணவில் பெரும்பங்கு பழம். பிளாக் டார்ச், ஸ்னோபெரி, வைல்ட் சேஜ் என்று உள்ளூரில் அழைக்கப்படும் மூன்று புதர்ச் செடிகள். வைல்ட் சேஜ் யாரென்று தெரிகிறதா? முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் நாம் வேரோடு பிடுங்கப் பாடுபடும் உண்ணிச்செடியின் சொந்தக்காரி, ஒரே பேரினம். அங்கே அது மண்ணுக்குரிய செடி, குருவியின் சோறு.

இந்தப் பழச் செடிகள் முதிர்ந்த காட்டில் வளர்வதில்லை. வெட்டியோ மேய்ந்தோ விட்ட நிலத்தில் சில ஆண்டுகள் செழிக்கும். பெரிய மரம் வந்ததும் ஒதுங்கிவிடும். ஆட்டுப்பட்டி இருக்கும் இடங்களில் குருவி அதிகம் தென்படுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஆடு மற்ற இலைகளைக் கடித்துத் தின்னும். குருவிக்கு வேண்டிய இந்தச் செடிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. நம் ஊரில் காட்டுக்கு எமன் என்று பேர் வாங்கிய ஆடு, எலூதெராவில் குருவிக்குத் தோட்டக்காரன்!

● மார்ச் மாதம் பஹாமாஸில் மழை பொய்த்தால், ஜூலையில் மிச்சிகனில் குஞ்சு குறையும். புரளி இல்லை, அளந்து பார்த்த உண்மை. வறண்ட மார்ச்சில் பழமும் பூச்சியும் குறைகின்றன. உடம்பில் கொழுப்புச் சேராத குருவி தாமதமாகக் கிளம்புகிறது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நல்ல இடம் கிடைப்பதில்லை, கூடு கட்டக் காலமும் போதுவதில்லை. வழியிலேயே இறப்பவையும் கூடுகின்றன. மிச்சிகனில் எத்தனை ஏக்கர் நட்டாலும் பஹாமாஸின் வானத்தை யார் நடுவது?

● இவற்றையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? முதலில், அரை கிராம் அளவுள்ள ஒரு கருவியைக் குருவியின் முதுகில் பை போல மாட்டினார்கள். அது செய்வது ஒன்றே ஒன்று: வெளிச்சத்தைப் பதிவது. விடியலும் அஸ்தமனமும் எப்போது என்று தெரிந்தால் பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையும், நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையும் தோராயமாக வந்துவிடும். பழைய மாலுமிகளின் கணக்கேதான். ஒரே சங்கடம், அடுத்த ஆண்டு அதே குருவியைத் திரும்பப் பிடித்துக் கருவியைக் கழற்றினால்தான் விவரம் கிடைக்கும்.

பிறகு சமிக்ஞை அனுப்பும் ரேடியோ வில்லைகள் வந்தன. 2017இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்து நேதன் கூப்பர் குழுவினர் கேட் தீவில் குருவிகளுக்கு வில்லை மாட்டிவிட்டு, மிச்சிகனில் அந்தச் சமிக்ஞையை வாங்கும் கோபுரங்களோடு காத்திருந்தார்கள். வந்து சேர்ந்தவை எவை, வராதவை எவை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எதிர்பாராத இன்னொன்றும் சிக்கியது. கூடு கட்டும் பருவத்தில் குருவி தன் எல்லைக்குள்ளேயே இருக்கும் என்பது பாடநூல் வாக்கு. இவற்றில் பலவோ, குறிப்பாக ஜோடி கிடைக்காதவை, பல கிலோமீட்டர் பறந்து போய் மற்ற காடுகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தன. அடுத்த ஆண்டுக்கு இடம் பார்க்கின்றனவோ என்னவோ.

● இதே பேரினத்தைச் சேர்ந்த பிளாக்போல் என்ற குருவி இன்னும் வடக்கே, கனடா, அலாஸ்கா ஊசியிலைக் காடுகளில் வாழ்வது. சாதாரண நாளில் எடை 12 கிராம். இலையுதிர்காலத்தில் தின்று தின்று உடம்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே ஏறி, இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் 2,300 முதல் 2,800 கி.மீ. வரை பறந்து கரீபியன் தீவுகளில் இறங்குகிறது. 2015இல் ஐந்தே ஐந்து குருவிகளிலிருந்து கழற்றிய கருவிகள் இதை உறுதி செய்தன. கீழே நிற்க இடமில்லாத கடல். சில நிலக்கடலைப் பருப்புகளின் எடையே உள்ள உயிர்.

● 2018 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வழி தவறி ஒரு கிர்ட்லண்ட் குருவி வந்து உட்கார்ந்தது. செய்தி பரவி, ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுத் தொலைநோக்கியோடு கூட்டம் கூடிவிட்டது.

● எல்லா வழிப்போக்கர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இவை இரவில் பறப்பவை. நகர விளக்கு ஈர்க்கும், கண்ணாடி ஏமாற்றும். 2023 அக்டோபரில் ஒரே இரவில் சிகாகோவின் மகோர்மிக் பிளேஸ் மாநாட்டு மாளிகைக் கண்ணாடியில் மோதி ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் செத்தன. பெரும்பாலும் கதிர்க்குருவி வகைகள். மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் புள்ளிகள் இட்ட படலம் ஒட்டினார்கள். சாவு பெருமளவு நின்றுவிட்டது. இத்தனை எளிய மருந்துக்கு அத்தனை பிணம் தேவைப்பட்டது.

● 2019 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு: 1970லிருந்து வட அமெரிக்கா இழந்த பறவைகள் சுமார் 290 கோடி. அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பு: கிர்ட்லண்ட் கதிர்க்குருவி அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. 1967இல் முதல் பட்டியலிலேயே ஏறிய பெயர். மீட்புக்கு வைத்த இலக்கு 1,000 ஜோடி, 2001இலேயே தாண்டியது, 2015இல் 2,300க்கு மேல்.

இலக்கைத் தொட்டும் ஏன் இத்தனை ஆண்டு தாமதம்? பட்டியலில் இருந்து எடுத்த மறுநாள் நடவு நின்றால் இருபது ஆண்டில் பழைய கதை. அதனால் மாநில அரசும் மத்தியத் துறைகளும் தொடர்ந்து காட்டைப் புதுப்பிப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே நீக்கினார்கள். கவ்பேர்ட் பொறிகளை மட்டும் படிப்படியாகக் குறைத்து 2018இல் நிறுத்திப் பார்த்தார்கள். திருட்டு முட்டை பெரிதாகத் திரும்ப வரவில்லை. யாரும் எதிர்பாராத நல்ல செய்தி.

● நம் பக்கம் வடகாட்டுப் பாட்டுக்காரர் யாரும் வருவதில்லையா? வருகிறார்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை வேப்பமரத்திலும் புளியமரத்திலும் ‘ச்வீட், ச்வீட்’ என்று இரட்டையாகக் கத்திக்கொண்டு, கண்ணில் படாமல் இலைக்கு இலை தாவும் பச்சைக் கதிர்க்குருவி இமயமலைக் காடுகளிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் வருவது. எடை 8 கிராம் அளவு. கிர்ட்லண்டுக்கும் இதற்கும் ரத்த உறவு கிடையாது, வெவ்வேறு குடும்பம். இதைப் பெயர் வைத்து எண்ண 1,90,000 ஏக்கரும் ஒரு மேஃபீல்டும் கிடைக்கவில்லை, அவ்வளவே.

● 2021இல் 2,245 ஜோடி என்றிருந்த கணக்கு, 2025 கணக்கெடுப்பில் சுமார் 1,500க்கு இறங்கிவிட்டது. கவ்பேர்ட் குற்றவாளி இல்லை. பழைய காடுகளில் பல ஒரே நேரத்தில் வயது முதிர்ந்துவிட்டன, இளங்காடு போதவில்லை. நெருக்கமாக நட்ட ஜாக் பைன் மரத்துக்குச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதில்லை. விற்காத மரத்தை வெட்டப் பணம் வேண்டும். வெட்டாத இடத்தில் நட முடியாது. பட்டியலில் இருந்தவரை தானாக வந்த மத்திய நிதியும் கவனமும் இப்போது கேட்டுப் பெற வேண்டியவை. நடவு முறையை மாற்றிச் செலவைக் குறைக்க முடியுமா என்று சோதனைகள் நடக்கின்றன.

● டெட்ராய்ட் பக்கம் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கோடையில் அங்கே போகிறவர்கள் கிரேலிங்குக்கு மூன்று, மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம் என்று குறித்துக்கொள்ளலாம். மே கடைசியும் ஜூனும் சரியான காலம். விடிகாலையில் போய்விட வேண்டும். கூடு கட்டும் பகுதிகள் பலவற்றுக்குள் தனியாக நுழைய அனுமதி இல்லை, வழிகாட்டியோடு போகும் நடைக்குப் பெயர் கொடுக்கலாம். ஜாக் பைன் நுனியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்திப் பாடும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் கூட்டைவிட்டு ஓடிவரும்.